இரண்டு காவேரிப்பட்டினங்கள்

எடின்பரோவிலிருந்து கிளம்பிய சுற்றுலாப் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் ஒரு தமிழாசிரியர் உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஓய்வு பெற்றபின் மகனைப் பார்க்க வந்தவர். எந்த ஊர் என்று கேட்டார். காவேரிப்பட்டினம் என்றேன். "அடேயப்பா, சிலப்பதிகாரத்து ஊர்க்காரரா சார் நீங்க!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் நினைத்த பட்டினம் காவிரி கடலில் கலக்கும் இடத்தில் இருந்தது. என்னுடையது கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையில், கடலையே பார்த்திராத ஊர். பெயரைத் தவிர இரண்டுக்கும் ஒட்டுறவு கிடையாது. இதைச் சொல்லியிருந்தால், அப்படியானால் உங்கள் ஊரில் என்ன விசேஷம் என்ற கேள்வி வந்திருக்கும். நிப்பட் என்று பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அன்று விழுங்கியதை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

அன்று பஸ் போன திசையெல்லாம் ஒரே மனிதரின் பெயர்தான்: வால்டர் ஸ்காட். எடின்பரோவின் நடுத்தெருவில் அவருக்கு இருநூறு அடி உயரக் கல் கோபுரம் நிற்கிறது. 1840இல் தொடங்கி 1846இல் திறந்தார்கள். 287 படிகள். எதிரே உள்ள ரயில் நிலையத்துக்கு அவருடைய நாவல் வரிசையின் பெயர், வேவர்லி. 1810இல் ஓர் ஏரியை வைத்து அவர் எழுதிய நெடுங்கவிதை வெளிவந்ததும், அந்த லாக் காட்ரின் ஏரியைப் பார்க்க ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். 1899இல் கட்டிய நீராவிப் படகுக்கும் அங்கே அவர் பெயரையே வைத்தார்கள். ட்வீட் நதிக்கரையில் அவர் கட்டிய ஆபட்ஸ்ஃபோர்ட் மாளிகை, அவர் 1832இல் இறந்த மறு வருஷமே பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. தாமஸ் குக் தன் முதல் ஸ்காட்லாந்துச் சுற்றுலாவுக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போனது 1846இல், கோபுரம் திறந்த அதே வருஷம். நாங்கள் போன பஸ்ஸின் மூதாதை அதுதான். ஏரி அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தது. அதைப் 'பார்க்க வேண்டிய இடம்' ஆக்கியது எழுத்து.

இதில் எனக்குப் புகார் ஒன்றுமில்லை. நம் பூம்புகாரும் அப்படி ஆனதுதான். 1892இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்திராவிட்டால், 1973இல் அங்கே ஏழுநிலை மாடம் வைத்துக் கலைக்கூடம் கட்ட யாருக்கும் தோன்றியிராது. கடல் கொண்டதாகச் சொல்லப்படும் ஊரை ஒரு ஏட்டுப் பிரதி காப்பாற்றிக் கரை சேர்த்தது.

என்னை உறுத்தியது வேறு. அதே ஸ்காட், கடன் கழுத்தை நெரித்த காலத்தில், 1827இல், 'தி சர்ஜன்ஸ் டாட்டர்' என்று ஒரு கதை எழுதினார். ஸ்காட்லாந்துக் கிராமத்துப் பெண் ஒருத்தியை அவள் காதலனே மைசூருக்கு வரவழைத்துத் திப்புவிடம் ஒப்படைக்கப் பார்க்கிறான். ஹைதர் அலி பக்கிரி வேஷத்தில் வருகிறார். முடிவில் பெங்களூரில் அந்தத் துரோகியை யானைக் காலில் இடறச் செய்கிறார். ஸ்காட் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. பக்கத்து வீட்டில் இருந்த, இந்தியாவில் வேலை பார்த்துத் திரும்பிய கர்னல் ஜேம்ஸ் ஃபெர்குஸன் சொல்லக் கேட்டு எழுதியது. நாவலாக அது சுமார்தான். ஆனாலும் ஹைதரின் பூமிக்கு ஐரோப்பிய நாவலில் ஓர் இடம் கிடைத்துவிட்டது, அந்த மண்ணை மிதிக்காதவரின் கையால். அதே எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய ஓவியச் சேகரிப்பில், டேவிட் வில்கி 1839இல் முடித்த பிரம்மாண்டமான படம் இருக்கிறது: தளபதி பேர்ட் தீவட்டி வெளிச்சத்தில் திப்புவின் உடலைக் கண்டுபிடிக்கும் காட்சி. வில்கியும் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பார்த்தவரல்ல.

பார்த்து வரைந்தவர்களும் உண்டு. தாமஸ் டானியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து பல்லக்கில் புறப்பட்டு எங்கள் பாராமகால் சீமை வழியாகப் போனார்கள். மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. யுத்தம் நடந்த இடங்களின் படத்துக்கு லண்டனில் கிராக்கி இருக்கும் என்று அவர்கள் கணக்குப் போட்டது சரியாகவே இருந்தது. அவர்களுக்கு நாம்தான் வெளிநாடு. நம் மலைகள்தான் சுற்றுலாத் தலம். ராயக்கோட்டையையும் ஜெகதேவியையும் வரைந்தார்கள். பாறையும் மேகமும் பிரமாதமாக வந்திருக்கின்றன. மனிதர்கள் மலையின் உயரத்தைக் காட்ட வைத்த அளவுகோல் மாதிரி மூலையில் நிற்கிறார்கள். 1795க்கும் 1808க்கும் இடையில் அவர்கள் அச்சிட்ட 144 படங்களில் எங்கள் ஊர் இல்லை. ஆற்றங்கரைச் சமவெளிக் கோட்டையில் ரசிக்க அவர்களுக்கு என்ன இருந்திருக்கும்?

ஆனால் நடந்ததெல்லாம் அங்கேதான் நடந்தது. முதல் மைசூர்ப் போரில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கும்பினிப் படை 1767இல் காவேரிப்பட்டினத்தைப் பிடித்தது. ஆகஸ்டு கடைசியில் ஹைதர் கணவாய் இறங்கி வந்தார். அவருடைய முதல் அடி கோட்டை மேல் விழவில்லை. மேய்ச்சலுக்கு விட்டிருந்த கும்பினியின் மாடுகளை அவர் குதிரைப்படை வளைத்து ஓட்டிக்கொண்டு போயிற்று. பாரம் இழுக்க மாடில்லாமல் பதினெட்டாம் நூற்றாண்டுப் படை நகர முடியாது. பீரங்கியும் அரிசியும் நின்ற இடத்தில் நிற்கும். சில நாட்களில் காவேரிப்பட்டினமும் அவர் கைக்கு வந்தது. கோட்டையைப் பலப்படுத்தினார். டிசம்பரில் அவருடைய பெரும்படை பின்வாங்கியபோது அதுதான் மறைப்பாக நின்றது. பிறகு கர்னல் வுட் அதைப் பிடித்தார். 1769 உடன்படிக்கையில் பிடித்ததை அவரவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். 1790இல் கர்னல் மாக்ஸ்வெல் திப்புவை எதிர்நோக்கி அங்கே தண்டு இறங்கினார். 1792இல் பாராமகாலே கும்பினிக்குப் போய்ச் சேர்ந்தது. இருபத்தைந்து வருஷத்துக்குள் ஒரு சின்ன ஊர் இத்தனை தடவை கை மாறியது.

இந்த மாடுகள் விஷயத்தில் ஒரு தமிழ் வாசகன் நின்றுவிட வேண்டும். போர் ஆநிரை கவர்தலில் தொடங்கும் என்பது நம் புறத்திணை இலக்கணம். வெட்சி அது, மீட்கப் போவது கரந்தை. ஏதோ பழங்காலத்துச் சம்பிரதாயம் என்று பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துபோன சங்கதி, 1767இல் எங்கள் ஊர்ப் பக்கத்தில் அப்படியே நடந்திருக்கிறது. ஹைதர் தொல்காப்பியம் படித்தவரல்ல. மாடு இருக்கும் மண்ணில் போரின் தர்க்கம் அதுதான், அவ்வளவே. மாடுகள் போனபின் செப்டம்பர் 3ஆம் தேதி ஸ்மித்தும் ஹைதரும் மோதிய இடத்தை ஆங்கிலச் சரித்திரங்கள் சங்காமா என்று எழுதும். அது வேறெதுவுமில்லை, செங்கம். 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறையிலிருந்து இரா. நாகசாமி 'செங்கம் நடுகற்கள்' என்ற புத்தகத்தைப் பதிப்பித்தாரே, அந்தச் செங்கம்.

அந்தக் கற்களைப் பார்த்திருக்கிறீர்களா? தருமபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்களிலும் இதே வகைக் கற்கள் நிற்கின்றன. வயல் வரப்புகளில் இன்னும் இருக்கின்றன. இடுப்புயரப் பலகைக் கல். வில்லோ வாளோ ஏந்திய ஒருவன். பக்கத்தில் வட்டெழுத்து: இன்ன பல்லவ அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்ன ஊர்த் தொறுவை மீட்டுப் பட்டான் இன்னான். அரசன் பெயர் தேதி சொல்வதற்கு மட்டும். கல் செத்தவனுடையது. சில மாடுகளுக்காகச் செத்த ஒருவனின் பெயர் ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு வருஷங்களாக வெயிலில் நிற்கிறது. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை தொல்காப்பியம் அதற்குப் படிப்படியாக முறை வகுத்திருக்கிறது.

ஸ்காட் கோபுரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு இந்த இடுப்புயரக் கல்தான் ஞாபகம் வந்தது. பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. பெருமை பேசத் தொடங்கினால் நானும் தமிழாசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணகி ஊர்க்காரனாகி விடுவேன். சொல்ல வந்தது நேர்மாறானது. ஒரு மனிதன் செத்த இடத்தில் கல் நட்டு, ஊரையும் பெயரையும் வெட்டி வைக்கத் தெரிந்த ஜனங்கள் நாம். அந்தப் பழக்கத்தை எங்கோ விட்டுவிட்டோம். 1767இல் அந்த மாடுகளை மேய்த்தது யார்? குதிரைகள் வந்து சூழ்ந்தபோது எத்தனை பேர் ஓடினார்கள், எத்தனை பேர் விழுந்தார்கள்? கும்பினித் தளபதிகளின் பெயரும் அன்றன்றைய நகர்வும் அச்சில் இருக்கின்றன. மேய்த்தவன் பெயர் கல்லிலும் இல்லை, காகிதத்திலும் இல்லை. நமக்காக வேறு யாரும் அதை எழுதி வைக்கப்போவதில்லை. ஸ்காட் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்வது அபத்தம்.

காகிதம் கொஞ்சம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1792இல் அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் மற்றவர்களும் இங்கே வரி போட வந்தார்கள். மண், பயிர், ஜாதி, சுங்கம் என்று எழுதிக் குவித்தார்கள். சென்னை அரசு அதை 'பாராமகால் ரெக்கார்ட்ஸ்' என்று 1907 முதல் பகுதி பகுதியாக அச்சிட்டது. வரி வாங்குகிறவன் கண்ணால் பார்த்த ஊர் அது. ஆனால் டானியலின் படத்தில் மூலையில் நின்றவன் இதில் ஏர் பிடிக்கிறான், எதை விதைக்கிறான் என்றாவது தெரிகிறது. எங்கள் ஊரைப் பற்றி எழுத நினைக்கிறவன் கதைக்காரர்களிடம் போவதற்குமுன் இந்தக் கணக்குப் பிள்ளைகளிடம் போவது நல்லது. அப்படி எழுத நினைத்தவர் எங்கள் ஊரில் யார் என்று கேட்டால் என்னையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். நான் சிலப்பதிகாரம் படித்தேன், ஸ்காட்டையும் படித்தேன். பெண்ணை ஆற்றங்கரையில் என்ன நடந்தது என்பதை ஐம்பது வயதுக்குமேல் ஒரு ஆங்கிலச் சரித்திரத்தில் தற்செயலாகப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

திரும்பி வந்து பெங்களூரில் பஸ் பிடித்தேன். ஓசூர்த் தொழிற்சாலை மதில்கள், சூளகிரி, பிறகு கிருஷ்ணகிரியில் சையத் பாஷா மலை. 1791 நவம்பரில் மாக்ஸ்வெல் அடிவாரப் பேட்டையைப் பிடித்தும் மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பிய மலை அது. பஸ்ஸில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, பெரும்பாலும் தூக்கம். கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லி விசிலடித்தார். இறங்கினேன்.

தமிழாசிரியரின் விலாசம் என்னிடம் இருக்கிறது. இதை அவருக்கு அனுப்பப் போகிறேன். சார், நான் கண்ணகி ஊர்க்காரன் இல்லை. மாடு போன ஊர்க்காரன்.