துபாசியின் நாட்குறிப்பு

நாட்குறிப்பு என்றால் தனிமையில் மனத்தைத் திறந்து காட்டும் எழுத்து என்று எண்ணிப் பழகிவிட்டோம். அந்த எண்ணத்தோடு துபாசி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படிப்பவர்கள் சலித்துப்போகிறார்கள். புதுச்சேரியில் 1736 செப்டம்பர் 6 அன்று தொடங்கி, இடையிடையே விட்டுப்போனாலும் 1761 ஜனவரியில் அவர் இறக்கும்வரை நீளும் அந்தக் குறிப்புகள் கப்பல் வரத்தும் சரக்கும் வதந்தியும் வழக்குமாக நிறைந்திருக்கின்றன. தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை என்று தலைப்பிட்டு, நேரத்தை நாழிகையில் சொல்லும் அந்த முறையில் கணக்குப்பிள்ளையின் கை தெரிகிறது. தமிழில் நாட்குறிப்பு வியாபாரியின் கணக்கு வழக்கிலிருந்து கிளைத்தது என்றே இதை வைத்துச் சொல்லத் தோன்றுகிறது. பிரெஞ்சுக் கம்பெனிக்கும் உள்ளூர் வணிகர்கள், நவாபுகள் ஆகியோருக்கும் நடுவே நின்றவர் துபாசி. யார் என்ன வாக்குக் கொடுத்தார், யாருக்கு என்ன வெகுமதி போயிற்று என்பதை மறந்தால் அவர் பிழைப்பு நடக்காது.

கம்பெனியின் எழுத்துப் பழக்கத்தைப் பார்த்துத்தான் பிள்ளையும் எழுதினார் என்று வாதிடலாம். ஓரளவு இருக்கும். ஆனால் கம்பெனி ஆவணங்களில் நிற்பது பெரும்பாலும் தீர்மானம். பிள்ளை எழுதியது தீர்மானத்துக்கு முன்னும் பின்னும் நடந்த பேச்சு. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. கோயில் போனது என்ற ஒற்றை வரியோடு அவர் நிறுத்தவில்லை. பாதிரிகளின் பிடிவாதம், தன்னிடம் வந்த சாதித் தலைவர்களான மகாநாட்டாரின் பேச்சு, தான் சொன்ன பதில் என அந்த நாட்களின் கலக்கம் முழுவதும் அங்கே இருக்கிறது. தன் மேல் பழி விழாமல் பார்த்துக்கொள்ளும் ஜாக்கிரதையும் கூடவே இருக்கிறது.

அந்த ஜாக்கிரதையைக் காட்டித்தான் கடுமையான மறுப்பு எழுகிறது: தன்னைப் புகழ்ந்துகொள்ளும் ஒருவரை எப்படி நம்புவது? கவர்னர் துய்ப்ளேக்ஸ் தன்னைப் பாராட்டியதாக அவர் பக்கம் பக்கமாக எழுதுவதை அப்படியே ஏற்க முடியாதுதான். துய்ப்ளேக்ஸின் மனைவி மீது அவருக்கிருந்த வெறுப்போ ஊரறிந்தது. ஆனால் பொய் சொல்ல ஆதாயம் இல்லாத இடங்களும் ஏராளம்: துணி விலை, துறைக்கு வந்த கப்பல், முழங்கிய பீரங்கிக் குண்டுகளின் கணக்கு. ஆதாயம் உள்ள இடங்களிலோ, அன்றைய பெரிய மனிதர் ஒருவர் எதைப் பெருமையாகக் கருதினார், எதற்கு அஞ்சினார் என்பது அவர் அறியாமலே வெளிப்படுகிறது. ஜாதகப் பலனை நம்பித் தலைமைத் துபாசி பதவிக்குக் காத்திருந்த அவரது தவிப்பை எந்த ஒப்புதல் வாக்குமூலமும் இவ்வளவு நெருக்கமாகச் சொல்லியிராது. மனத்தைத் திறக்க அவர் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

அவர் காலமான சில நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. எழுதும் பழக்கம் அதோடு நின்றுவிடவில்லை. அவருடைய உடன்பிறந்தார் வழியில் வந்த திருவேங்கடம் பிள்ளை தொடர்ந்தார். பின்னர் இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதினார். அவர் வகித்தது ஊர்க்காவல் பொறுப்பு.