எழுதியவள் பெயர்

தமிழில் ‘எழுது’ என்ற வினைக்கு வரைதல் என்ற பொருளும் உண்டு. ஓவியம் எழுதினார்கள், கண்ணுக்கு மை எழுதினார்கள். ஜாவாவிலும் அப்படித்தான். கையால் மெழுகுக் கோலமிட்டுச் சாயமேற்றும் துணிக்கு அங்கே ‘பாத்திக் துலிஸ்’ என்று பெயர். துலிஸ் என்றால் எழுதுதல். அந்த எழுத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆனால் அதன் கீழே இருக்கும் கையொப்பம் யாருடையது?

எழுதுகோலின் பெயர் சாந்திங். மரப்பிடியில் பொருத்திய சிறு செப்புக் கிண்ணம், அதற்கு மெல்லிய மூக்கு. சிற்றடுப்பில் உருகும் மெழுகை மொண்டு, மூங்கில் சட்டத்தில் தொங்கும் துணியில் கோடு இழுக்க வேண்டும். மெழுகு ஆறினால் மூக்கு அடைத்துக்கொள்ளும். சூடு மிகுந்தால் கோடு பரவிவிடும். முன்புறம் எழுதியதையே பின்புறமும் எழுத வேண்டும். மெழுகு மூடிய இடத்தில் சாயம் ஏறாது. மெழுகிடுவதும் சாயத்தில் தோய்ப்பதும் நிறத்துக்கு நிறம் தொடரும். கடைசியில் கொதிநீரில் மெழுகு உருகிப் போகும். நுணுக்கமான ஒரு துணிக்கு மாதங்கள் ஆகும்.

ஜாவாவின் சந்தைகளில் நம் சோழமண்டலக் கரைத் துணிகளுக்கு ஒரு காலத்தில் பெரும் மதிப்பு இருந்தது. அந்த வரத்து குறைந்தபோது அத்தீவின் வடகரை ஊர்களில் பாத்திக் பட்டறைகள் பெருகின. வீட்டு வேலையாக இருந்தது கூலி வேலையாகவும் ஆனது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ‘சாப்’ என்னும் செப்பு அச்சு பரவியது. அச்சைப் பிடித்தவர்கள் ஆண்கள். வேகம் கூடியது, அவர்கள் கூலியும் பெண்களின் கூலியைவிட அதிகம். பொறுமை பெண்ணுக்கு இயல்பு என்று சொல்லிவிட்டால் அந்தப் பொறுமைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லையே! முன்பணம் வாங்கிக் கடனில் கட்டுண்டு கிடந்த பாத்திக் பெண்களைப் பற்றி, 1930களின் தொடக்கத்தில் டி காட் ஆஞ்சலினோ தயாரித்த காலனிய அரசின் அறிக்கை பேசுகிறது.

கையொப்பம் இல்லாமல் இல்லை. பெக்கலோங்கான் நகரில் பட்டறை நடத்திய எலிசா வான் சைலன் (1863–1947) தம் துணிகளின் ஓரத்தில் பெயர் பொறித்தார். பூங்கொத்துகள் நிறைந்த அந்தத் துணிகள் இன்று அருங்காட்சியகங்களில் அவர் பெயராலேயே அறியப்படுகின்றன. அவரும் பெண்தான். ஆனால் அவருக்காகச் சாந்திங் பிடித்தவர்களின் பெயர் துணியில் இல்லை. பெண்ணின் உழைப்பைப் பெண்ணின் பெயரே மறைத்த கதையையும் நாம் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கார்த்தினியின் (1879–1904) கதை வேறு. ஜெப்பாராவின் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டுக்குள் அடைத்தார்கள். அங்கே சாந்திங்கையும் பேனாவையும் பிடித்தார். 1898இல் ஹேக் நகரில் நடந்த பெண்கள் உழைப்புக் கண்காட்சிக்குச் சகோதரிகளோடு பாத்திக் துணிகளை அனுப்பினார். செய்முறையை விளக்கும் கையெழுத்துப் படியையும் அனுப்பினார். ரூஃபார், யுயின்போல் என்ற இரு ஆண்கள் எழுதிய பாத்திக் பெருநூல் அந்தப் படியைப் பயன்படுத்திக்கொண்டது. நூலின் முகப்பில் இருப்பவை அவர்கள் இருவரின் பெயர்கள்.

2009இல் யுனெஸ்கோ இந்தோனேசிய பாத்திக்கை மானுடத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. பெருமை நாட்டுக்குச் சேர்ந்தது.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள், பெயர் தெரியாத புலவரை அவருடைய உவமையைக் கொண்டே செம்புலப்பெயல்நீரார் என்று அழைத்தார்கள். துணியில் எழுதிய பெண்ணை அழைக்க நம்மிடம் அப்படி ஒரு சொல்கூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் துணியின் அருகே ஊர் எழுதியிருக்கும், நூற்றாண்டு எழுதியிருக்கும். எழுதியவள் பெயருக்கான இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.