மார்கழிக்கு முன் ஒரு முதலுதவிப் பெட்டி



மார்கழி பிறந்தால் நம் கொங்குச் சீமையில் காயங்களும் மாறும். குதிகாலில் பித்தவெடிப்பு, உதட்டில் வெடிப்பு, அதிகாலை ஈர வாசலில் வழுக்கி விழுவது. எல்லாவற்றிலும் கொடியது, குளிக்க வைத்த வெந்நீரும் குளிர்காய மூட்டிய தீயும் தரும் சூட்டுக்காயம். அதனால் இன்று முதலுதவிப் பெட்டியின் கதை.

1877-ல் இங்கிலாந்தில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஊல்விச் நகரில் ராணுவ மருத்துவர் பீட்டர் ஷெப்பர்டும் பிரான்சிஸ் டங்கன் என்ற அதிகாரியும் பொதுமக்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். மருத்துவரிடம் சேரும்வரை சாதாரண மனிதரும் உயிர் காக்கலாம் என்பதே பாடம். 1879 ஜனவரியில் ஷெப்பர்ட் ஜூலு போரில் இறந்தார். பாடம் உலகமெல்லாம் பரவியது.

பெட்டி பிறந்தது ரயில் பாதையில். மருத்துவமனை எட்டாத இடங்களில் அடிபட்ட தொழிலாளர்களுக்காக, 1888-ல் அமெரிக்காவின் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் கட்டுத்துணிகளைப் பெட்டியில் போட்டு விற்றது. அதே 1888-ல்தான் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் முதல் பஞ்சாலையைத் தொடங்கினார். 1932-ல் பைகாரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. இயந்திரம் பெருகினால் காயமும் பெருகும் அல்லவா?

1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு 150 தொழிலாளர்களுக்கு ஒரு பெட்டியாவது வேண்டும் என்றது. கூடவே இரண்டு நல்ல விதிகள்: குறித்த பொருள் தவிர வேறெதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பொறுப்பாளர் வேலை நேரம் முழுக்க அருகில் இருக்க வேண்டும்.

இந்த விதிகளின் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பெட்டி இருந்தது. உள்ளே சாக்பீசும் பழைய சாவிகளும்தான். ஒரு மாணவன் முழங்கால் கிழிந்து வந்தபோது, பஞ்சு வாங்கக் கடைக்கு ஆள் அனுப்பினோம்.

போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் காப்புக் கட்டுகிறோமே, அதுபோல இந்தப் பெட்டியும் வீட்டுக்கு ஒரு காப்புதான்.

சுத்தமான பஞ்சு, ஒட்டாத காயத்துணி, கட்டுத்துணி, பிளாஸ்திரி, கிருமிநாசினி, கத்தரி, கையுறை, வெடிப்புக்கு வாசலின், சுளுக்குக்கு கிரேப் பேண்டேஜ். இவ்வளவு போதும். 108 என்று மூடியில் எழுதி ஒட்டுங்கள்.

சூட்டுக்காயத்துக்கு முதல் மருந்து பெட்டியில் இல்லை, குழாயில் இருக்கிறது. ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். பற்பசை, பேனா மை, காப்பித்தூள், ஐஸ் வேண்டவே வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். முகத்தில் பட்டாலும், பெரிதாக இருந்தாலும், குழந்தை என்றாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்றே வீட்டில் ஒருவரைப் பொறுப்பாளர் ஆக்குங்கள். பேரப்பிள்ளை என்றால் இன்னும் நல்லது. மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, காலாவதித் தேதியை அவர்களே உரக்கப் படித்துச் சொல்லட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்