கவலையால் உண்டாகும் தூக்கமின்மை

கவலையால் உண்டாகும் தூக்கமின்மை என்பது, உறங்குவதற்குப் போதிய நேரமும் ஏற்ற இடமும் இருந்தும், மனம் ஏதேனும் ஒன்றைப் பற்றி ஓயாமல் எண்ணிக்கொண்டிருப்பதால் உறக்கம் கெடும் நிலை ஆகும். படுத்தபின் நெடுநேரம் உறக்கம் வராதிருத்தல், நள்ளிரவில் விழித்துக்கொண்டு மீண்டும் உறங்க இயலாதிருத்தல், விடியுமுன்பே விழித்துவிடுதல் ஆகிய மூன்று வடிவங்களில் இது காணப்படுகின்றது. தேர்வு, கடன், வேலை இழப்பு, குடும்பத்தில் ஒருவரின் நோய், வழக்கு போன்றவை பெரும்பாலும் தொடக்கக் காரணங்களாக அமைகின்றன. ஆயினும் அக்காரணம் நீங்கிய பின்னரும் தூக்கமின்மை மட்டும் தங்கிவிடக் கூடும். அந்நிலையில் உறக்கம் வராதோ என்னும் அச்சமே புதிய கவலையாக மாறிவிடுகின்றது.

வரையறை

ஓரிரு இரவுகள் உறக்கம் கெடுவது நோய் எனக் கொள்ளப்படுவதில்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, வாரத்தில் குறைந்தது 3 இரவுகள் என்ற அளவில் குறைந்தது 3 மாதங்கள் நீடித்து, பகல்நேர வாழ்க்கையையும் பாதித்தால் மட்டுமே அது தூக்கமின்மைக் கோளாறு எனப்படும். பகலில் சோர்வு, எரிச்சல், கவனக்குறைவு ஆகியன இல்லையெனில், ஒருவர் குறைவாக உறங்குகிறார் என்பதற்காக மட்டும் அவருக்கு இக்கோளாறு உள்ளதாகக் கூற இயலாது.

முன்னர் மனக்கவலை போன்ற பிறிதொரு காரணத்தால் வரும் தூக்கமின்மை 'இரண்டாம்நிலைத் தூக்கமின்மை' எனத் தனியாக வகைப்படுத்தப்பட்டது. மூல நோயைக் குணப்படுத்தினால் உறக்கம் தானே சீராகும் என்பது அன்றைய கருத்து. நடைமுறையில் அவ்வாறு நிகழாததாலும், எது காரணம் எது விளைவு எனப் பிரித்தறிவது கடினமாதலாலும் டிஎஸ்எம்-5 இப்பாகுபாட்டைக் கைவிட்டது. மனச்சோர்வு நோய் தூக்கமின்மையை உண்டாக்குவது போலவே, நீடித்த தூக்கமின்மை பிற்காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பையும் கூட்டுகின்றது.

கவலை உறக்கத்தைக் கெடுக்கும் விதம்

சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பேய் 1982 இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, உறக்கத்தை இரண்டு செயல்முறைகள் நெறிப்படுத்துகின்றன. முதலாவது, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட வளரும் உறக்க அழுத்தம். மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்வது இதனோடு தொடர்புடையது. இரண்டாவது, பகல் இரவுக்கு ஏற்ப ஓடும் உடற்கடிகாரம். இவ்விரண்டும் சரியாக இருந்தாலும், மூன்றாவதாக ஒன்று குறுக்கிடலாம். அது விழிப்புணர்வுத் தூண்டல் ஆகும். ஆபத்து நேரத்தில் உறங்கிவிடாமல் இருப்பது உயிர் பிழைக்க உதவும் ஏற்பாடாதலால், அச்சம் கொண்ட மூளை உறக்க அழுத்தத்தையும் மீறி விழித்திருக்க வல்லது. வீட்டிற்குள் நுழைந்த பாம்புக்கும், அடுத்த மாதம் கட்ட வேண்டிய தவணைக்கும் இடையே இந்த ஏற்பாடு வேறுபாடு காண்பதில்லை. இதயத் துடிப்பு கூடுகின்றது, கார்ட்டிசால் முதலிய இயக்குநீர்கள் சுரக்கின்றன, தசைகள் இறுகுகின்றன.

கவலை ஏன் இரவில் பெருகுகின்றது என்பதற்கு எளிய விளக்கம் உண்டு. பகலில் வேலையும் பேச்சும் மனத்தை ஈர்த்துக்கொள்கின்றன. இருளில் படுத்த பின்னரே அது தனித்து விடப்படுகின்றது. அந்நேரத்தில் எந்தச் சிக்கலையும் தீர்க்க இயலாது. வங்கியும் பள்ளியும் மூடியிருக்கும். எனவே எண்ணம் செயலாக முடியாமல் அதே இடத்தில் சுழல்கின்றது.

எண்ணத்தை வலிந்து அடக்க முயல்வதும் பயன் தருவதில்லை. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987 இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றோரிடம் 5 நிமிடங்களுக்கு வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் எனவும், நினைவு வந்தால் மணியை அடிக்குமாறும் கூறப்பட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பின்னர் நினைக்கலாம் என அனுமதித்தபோது, தொடக்கத்திலேயே அனுமதி பெற்றவர்களைக் காட்டிலும் அவர்கள் அதைக் கூடுதலாக நினைத்தனர். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்கக் கூடாது என்று வைத்தியர் சொன்ன கதை தமிழில் நெடுங்காலமாக வழங்கி வருவதை இங்கு ஒப்பிடலாம்.

ஆலிசன் ஹார்வி 2002 இல் வெளியிட்ட அறிகைக் கோட்பாடு இச்சுழலை மேலும் விளக்குகின்றது. உறக்கம் வராதவர் தம் உடலையும் கடிகாரத்தையும் கண்காணிக்கத் தொடங்குகிறார். மணி இரண்டு ஆயிற்று, இன்னும் நான்கு மணி நேரமே உள்ளது என்று கணக்கிடுகிறார். அக்கணக்கே தூண்டலைக் கூட்டுகின்றது. தூக்கமின்மை உள்ளவர்கள் தாம் உண்மையில் உறங்கிய நேரத்தைக் குறைவாக மதிப்பிடுவதும் மூளை மின்னலைப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது பலரிடம் காணப்பட்டுள்ளது. அவர்கள் பொய் சொல்வதாக இதற்குப் பொருள் இல்லை. இலேசான உறக்கத்தையும் அவர்கள் விழிப்பாகவே உணர்கின்றனர்.

நீடிக்கச் செய்யும் பழக்கங்கள்

ஆர்தர் ஸ்பீல்மன் 1987 இல் தூக்கமின்மையின் காரணிகளை மூவகையாகப் பிரித்தார்: இயல்பிலேயே உள்ள மனப்பாங்கு, தொடங்கி வைக்கும் நிகழ்வு, நீடிக்கச் செய்யும் பழக்கம். சிகிச்சையில் பெரிதும் மாற்றக்கூடியது மூன்றாவதே ஆகும். இழந்த உறக்கத்தை ஈடுசெய்யும் நோக்கில் இரவு எட்டு மணிக்கே படுத்தல், விடுமுறை நாளில் நண்பகல் வரை கிடத்தல், மாலையில் நெடுநேரம் கண்ணயர்தல், படுக்கையிலேயே படித்தல், கைப்பேசி பார்த்தல் ஆகியவை அறிவுக்கு ஒத்தவையாகவே தோன்றும். ஆனால் இவை உறக்க அழுத்தத்தைக் குறைத்து, படுக்கையை விழித்துக் கிடக்கும் இடமாக மூளைக்குப் பழக்கிவிடுகின்றன. நாற்காலியில் தொலைக்காட்சி பார்க்கையில் தூங்கி விழுபவர், படுக்கைக்குச் சென்றதும் முழு விழிப்பு அடைவது இதனாலேயே.

காஃபீன் அடினோசினின் செயலைத் தடுக்கின்றது. உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது மாறுபடும். மாலை ஐந்து மணிக்குக் குடித்த காப்பியில் பாதி, இரவு பத்து மணிக்கும் உடலில் இருக்கலாம். மதுபானம் உறக்கத்தை விரைவில் வரவழைத்தாலும் இரவின் பிற்பகுதியில் அதனைச் சிதைக்கின்றது.

மருந்தில்லாச் சிகிச்சை

அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நீடித்த தூக்கமின்மை உள்ள வயதுவந்தோருக்கு முதற்சிகிச்சையாக அறிகை நடத்தைச் சிகிச்சையையே பரிந்துரைத்தது. மாத்திரை அதற்கு அடுத்த நிலையில் வைக்கப்பட்டது. இச்சிகிச்சை பல கூறுகளைக் கொண்டது.

அவற்றுள் ஒன்று ரிச்சர்ட் பூட்சின் 1972 இல் அறிமுகப்படுத்திய தூண்டல் கட்டுப்பாடு. உறக்கம் வரும்போது மட்டுமே படுக்க வேண்டும். ஏறத்தாழ 15 அல்லது 20 நிமிடங்களில் உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடம் சென்று, மங்கிய வெளிச்சத்தில் அமைதியான ஒன்றைச் செய்து, கண் சொக்கிய பின்னரே திரும்ப வேண்டும். இந்நேரத்தைக் கடிகாரம் பார்க்காமல் குத்துமதிப்பாகவே கணிக்க வேண்டும். எத்தனை மணிக்கு உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். ஒரே அறையில் குடும்பம் முழுவதும் உறங்கும் வீடுகளில் வேறிடம் செல்வது எளிதன்று. அங்கு பாயை விட்டு எழுந்து சுவரோரம் சாய்ந்து உட்கார்வதும் ஓரளவு பயன் தரும்.

மற்றொன்று உறக்க நேரக் கட்டுப்பாடு. ஒருவர் 8 மணி நேரம் படுக்கையில் கிடந்து ஐந்தரை மணி நேரமே உறங்குகிறார் எனில், அவருடைய உறக்கத் திறன் ஏறத்தாழ 69 விழுக்காடு. அவர் படுக்கையில் இருக்கும் நேரம் முதலில் ஐந்தரை மணியாகக் குறைக்கப்படும். உறக்கத் திறன் 85 முதல் 90 விழுக்காட்டை எட்டியதும் வாரந்தோறும் 15 நிமிடங்களாக அந்நேரம் கூட்டப்படும். பொதுவாக 5 மணி நேரத்திற்குக் கீழே குறைப்பதில்லை. முதல் இரு வாரங்கள் கடினமானவை. பகல் தூக்கக் கலக்கம் கூடும். எனவே வண்டி ஓட்டுவோரும் இயந்திரங்களோடு பணிபுரிவோரும் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். வலிப்பு நோயோ இருமுனையப் பிறழ்வோ உள்ளவர்கள் மருத்துவரின் மேற்பார்வையின்றி இதனைச் செய்யலாகாது.

கவலையையே நேரடியாகக் கையாளும் முறைகளும் உண்டு. தாமஸ் போர்க்கோவெக்கும் உடன் ஆய்வாளர்களும் 1983 இல் வெளியிட்ட முறையில், நாள்தோறும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்கப்படுகின்றது. மற்ற வேளைகளில் எழும் கவலை அந்நேரத்திற்குத் தள்ளிவைக்கப்படுகின்றது. தூக்கமின்மைக்கு இதனைப் பயன்படுத்துவோர், மாலையில் ஒரு தாளில் கவலையையும் அதற்கு அடுத்துச் செய்யக்கூடிய ஒரு செயலையும் எழுதி வைக்கின்றனர். 'கடன்' என்று மட்டும் எழுதுவதைவிட, 'திங்கட்கிழமை வங்கிக்குச் சென்று தவணையை மாற்றக் கேட்பது' என எழுதுவதே பொருத்தமானது. எண்ணத்தை அடக்குவதற்கும் ஒத்திவைப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கு முக்கியமானது. ஒத்திவைக்கும்போது மனத்திற்கு மறுமொழி ஒன்று கிடைத்துவிடுகின்றது.

அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் நடைபெற்று 2018 இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று இதனோடு ஒத்துப்போகின்றது. 57 இளைஞர்களில் ஒரு பிரிவினர் படுக்கும் முன் 5 நிமிடங்கள் இனிச் செய்ய வேண்டியவற்றையும், மறு பிரிவினர் ஏற்கெனவே செய்து முடித்தவற்றையும் எழுதினர். முதற்பிரிவினர் சராசரியாக 9 நிமிடங்கள் முன்னதாக உறங்கினர். அவர்கள் நலமான இளைஞர்கள் ஆதலால், நாட்பட்ட தூக்கமின்மை உள்ளவர்களுக்கும் இதே பயன் கிடைக்கும் எனக் கொள்ள இயலாது.

எட்மண்ட் ஜேக்கப்சன் 1929 இல் நூலாக வெளியிட்ட படிப்படியான தசைத் தளர்வுப் பயிற்சி, மெதுவான மூச்சுப் பயிற்சி ஆகியனவும் பயன்படுகின்றன. விக்டர் பிராங்கிளின் எதிர்மறை நோக்கம் என்னும் முறையில், உறங்க முயல்வதை விட்டு, கண்ணைத் திறந்தபடி அமைதியாக விழித்திருக்க முயலுமாறு கூறப்படுகின்றது. உறங்கியே ஆக வேண்டும் என்ற முனைப்பு தளர்வதால் உறக்கம் வருவதுண்டு.

இம்முறைகளில் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை என்பதே பெருங்குறை. மாத்திரைகள் இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மருந்துகள்

டயசெபம், அல்பிரசோலம் முதலிய பென்சோடயசெபின் வகை மருந்துகளும் சோல்பிடெம் போன்றவையும் உறக்கத்தை வரவழைக்கின்றன. குறுகிய காலத்திற்கு இவை உதவலாம். நாள்பட எடுத்துக்கொண்டால் அதே அளவு போதாமற் போவதும், சார்பு நிலை உண்டாவதும் நிகழ்கின்றன. முதியோர் இரவில் தடுக்கி விழுந்து எலும்பு முறியும் ஆபத்தும் கூடுகின்றது. சோல்பிடெம் உட்கொண்ட சிலர் உறக்கத்திலேயே நடத்தல், வண்டி ஓட்டுதல் போன்ற செயல்களில் ஈடுபட்டதை அடுத்து, 2019 இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மிகக் கடுமையான எச்சரிக்கைக் குறிப்பை அதற்குக் கட்டாயமாக்கியது. நெடுநாள் பயன்படுத்திய மாத்திரையைத் திடீரென நிறுத்துவது தூக்கமின்மையை மேலும் கடுமையாக்கும். பென்சோடயசெபின்களாயின் வலிப்பும் வரக்கூடும். மருத்துவரின் துணையோடு சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். பிறருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கி விழுங்கும் பழக்கம் மிகவும் ஆபத்தானது.

வீட்டு மருந்தாகப் பாலில் சாதிக்காய்த் தூள் கலந்து குடிக்கும் வழக்கம் உண்டு. இதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. அளவு மிகுந்தால் சாதிக்காய் மனமயக்கமும் வாந்தியும் உண்டாக்கும் நச்சுத்தன்மை உடையது.

மருத்துவரை நாட வேண்டிய நிலை

எல்லாத் தூக்கமின்மையும் கவலையால் வருவதன்று. உரத்த குறட்டையும் மூச்சுத் திணறலும், கால்களில் அமைதியின்மை, தைராய்டு மிகைச் சுரப்பு, சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். பல நாட்கள் உறங்காமலேயே சோர்வின்றி மிகுந்த உற்சாகத்தோடு இருப்பதும் நோய்க்குறியே. விடியுமுன் விழித்தலோடு எதிலும் நாட்டமின்மை, வாழ்வில் பற்றின்மை, உயிரை மாய்க்கும் எண்ணம் ஆகியன இருப்பின் காலம் தாழ்த்தாமல் உதவி பெற வேண்டும். இந்தியாவில் 2022 இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், இலங்கையில் தேசிய மனநலத் தொலைபேசிச் சேவையை 1926 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

மாணவரும் உறக்கமும்

தேர்வுக் காலத்தில் உறக்கத்தைக் குறைத்துப் படிப்பது பரவலான வழக்கம். ஜென்கின்ஸ், டாலன்பாக் ஆகியோர் 1924 இலேயே, கற்றபின் உறங்கியவர்கள் அதே நேரம் விழித்திருந்தவர்களைக் காட்டிலும் கற்றதைக் கூடுதலாக நினைவிற் கொண்டிருந்ததைக் காட்டினர். எனினும் இச்செய்தியே மாணவரை அச்சுறுத்திவிடக் கூடாது. ஓரிரவு உறக்கம் கெட்டால், அடுத்து உறங்கும்போது மூளை ஆழ்ந்த உறக்கத்தின் பங்கை உயர்த்தி ஓரளவு ஈடுசெய்து கொள்கின்றது. தேர்வுக்கு முந்தைய இரவு சரியாக உறங்காத எண்ணற்றோர் நன்றாகவே தேர்வு எழுதியுள்ளனர்.

தமிழ் இலக்கியத்தில்

பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில் நப்பூதனார், பாசறையில் உறக்கம் கொள்ளாத அரசனைக் காட்டுகின்றார். புண்பட்ட யானைகளையும், வெற்றிக்காக உயிர் துறந்த வீரர்களையும், உணவு கொள்ளாது நிற்கும் குதிரைகளையும் எண்ணியவாறு அவன் விழித்திருக்கிறான். அதே பாட்டில் அவனுடைய மனைவியும் தொலைவில் மாளிகையில் அவன் வரவை எண்ணி வருந்திக் கிடக்கிறாள். குறுந்தொகையின் 6 ஆம் பாடலில் பதுமனார், ஊரும் உலகும் உறங்கத் தான் ஒருத்தி மட்டும் உறங்கவில்லை எனக் கூறும் தலைவியைப் பாடியுள்ளார்.