எசேக்கியேலும் காவலாளியின் கடமையும்

கி.மு. 597-இல் எருசலேம் பாபிலோன் மன்னர் நெபுகத்னேசரிடம் சரணடைந்தது. யூதாவின் இளம் அரசன் யோயாக்கீனும் அரண்மனையாரும் கைவினைஞரும் நாடுகடத்தப்பட்டனர். அவர்களுடன் சென்றவர்களுள் ஒருவர், குருவான பூசியின் மகன் எசேக்கியேல். கேபார் ஆற்றங்கரையில் (உண்மையில் அது ஒரு பெரிய வாய்க்கால்) தெலாபீப் என்னும் குடியிருப்பில் அவர் வாழ்ந்தார். ஐந்தாம் ஆண்டில், அதாவது கி.மு. 593 அளவில், இறைவாக்கினராக அழைப்புப் பெற்றார்.

அவரது நூலின் 3, 33 ஆகிய அதிகாரங்கள் அவரைக் 'காவலாளி' என்கின்றன. மதில்மேல் நிற்பவன் பகைவர் வருவதைக் கண்டால் எக்காளம் ஊதவேண்டும். ஊதியும் பொருட்படுத்தாதவன் மடிந்தால் பழி அவனையே சேரும். ஊதாமல் இருந்துவிட்டாலோ, மடிந்தவனின் இரத்தப்பழி காவலாளியிடம் கேட்கப்படும்.

அன்றைய யூதாவில் இது வெறும் உவமை அல்ல. 1935 முதல் லாகீசு நகர அகழாய்வில் மையால் எழுதப்பட்ட மட்பாண்ட ஓடுகள் கிடைத்தன. எருசலேமின் இறுதிப் போரையொட்டிய காலத்தவை அவை. லாகீசின் தீ அடையாளங்களைக் கவனித்து வருவதாகவும், அசேக்காவின் அடையாளம் தெரியவில்லை என்றும் ஒரு கடிதம் தெரிவிக்கிறது. பார்த்துச் சொல்பவனை நம்பியே ஊர்கள் இருந்தன.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. காவலாளி வாய்மூடி இருந்ததால் தீயவன் குற்றமற்றவன் ஆகிவிடுவதில்லை. அவன் தன் பாவத்திலேயே சாகிறான். அவன் குற்றவாளி என்பதால் காவலாளியும் தப்புவதில்லை. இரண்டும் தனித்தனிக் கணக்குகள். நேர்மையாளன் வழிதவறினால் அவனையும் எச்சரிக்கவேண்டும் என்கிறது 3-ஆம் அதிகாரம். ஆனால் இது சாபமிடுவது அல்ல. தீயவன் சாவதில் கடவுளுக்கு மகிழ்ச்சியில்லை, அவன் திரும்பி வாழவேண்டும் என்பதே நோக்கம் என 33-ஆம் அதிகாரம் தெளிவாக்குகிறது.

கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தும் ஏன் சொல்லவேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எசேக்கியேலின் நிலையும் அதுதான். ஏறத்தாழ அதே காலத்தில் எருசலேமில் அனனியா என்பவர், நாடுகடத்தப்பட்டோர் இரண்டே ஆண்டில் திரும்புவர் என்று அறிவித்ததாக எரேமியா நூல் கூறுகிறது. அத்தகைய நம்பிக்கை பரவியிருந்த வேளையில், நகரம் அழியும் என்ற சொல்லை யார் விரும்புவர்? கேட்டாலும் கேளாவிட்டாலும் பேசு என்பதே அவருக்குத் தரப்பட்ட கட்டளை.

கி.மு. 586-இல் (587 என்பாரும் உளர்) எருசலேம் வீழ்ந்தது. தப்பி வந்த ஒருவன் அச்செய்தியைப் பாபிலோனுக்குக் கொண்டுவந்தான். அதன்பின் மக்கள் எசேக்கியேலிடம் திரளாக வந்து அமர்ந்தனர். இனிய குரலுள்ள பாடகனைக் கேட்பதுபோல் கேட்டனர்; சொன்னபடி நடக்கவில்லை.