ஆறு மீட்டர் உயரம்

எங்கள் தெருவில் முதல் முதலாக ஒருவர் மச்சு வீடு கட்டத் தொடங்கியபோது ஊர்த்தெருக்காரர் ஒருவர் வந்து கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. 'கட்டிக்கடா, வேணாங்கல. எங்களுக்கு மேல எதுக்கு உசத்துற?' சுவிட்சர்லாந்தில் பள்ளிவாசல் மினாராவுக்கு நடந்த சண்டையைப் படித்தபோது அதே கேள்விதான் வேறு பாஷையில் கேட்டது.

வாங்கன் பை ஓல்டன் என்பது அங்கே ஒரு சின்ன ஊர். 2005-ல் அவ்வூர்த் துருக்கியர் பண்பாட்டுச் சங்கம் தன் கட்டிடக் கூரைமேல் ஆறு மீட்டர் உயரத்தில் ஒரு மினாரா வைக்க அனுமதி கேட்டது. ஆறு மீட்டர் என்றால் நம்மூர்த் தென்னையில் பாதிகூட வராது. ஊர்க் கட்டிடக் குழு முடியாது என்றது. மாநில அரசு சரி என்றது. அக்கம்பக்கத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். 2007-ல் உச்சநீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்ல, 2009-ல் மினாரா எழுந்தது. அந்த நாட்டிலேயே அது நான்காவது. முதலாவது 1963-ல் ஜூரிச்சில் கட்டியது. நாலில் ஒன்றிலிருந்தும் பாங்கு ஒலித்ததில்லை.

சட்டத்தில் தோற்றவர்கள் சட்டத்தையே மாற்றக் கிளம்பினார்கள். ஒரு லட்சம் கையெழுத்துச் சேர்த்தால் அங்கே அரசியல் சட்டத் திருத்தத்தை மக்கள் ஓட்டுக்கு விடலாம். 1,13,000-க்கு மேல் சேர்த்தார்கள். போஸ்டரில் கறுப்பு மினாராக்கள் ஏவுகணைகள்போல நாட்டுக் கொடியைக் குத்திக்கொண்டு நின்றன. பக்கத்தில் முகம் மூடிய ஒரு பெண். அரசும் பாராளுமன்றமும் வேண்டாமென்றன. ஆனாலும் 2009 நவம்பர் 29 அன்று ஓட்டுப் போட்டவர்களில் 57.5 சதவீதம் பேர் தடையை ஆதரித்தார்கள்.

ஓட்டுப் போட்டது யார்? 2000 குடிமதிப்புப்படி அங்கே முஸ்லிம்கள் 4.3 சதவீதம். துருக்கியிலிருந்தும் பழைய யூகோஸ்லாவியாவிலிருந்தும் கூலி வேலைக்கும் அடைக்கலம் தேடியும் வந்த குடும்பங்களே அதிகம். பெரும்பாலோருக்கு அப்போது குடியுரிமை கிடையாது, ஆகவே ஓட்டும் கிடையாது. முஸ்லிம்களோடு கலந்து வாழும் ஜெனீவாவும் பாசல் நகரமும் தடையை நிராகரித்தன. அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற சிறு மலை மாநிலத்தில் 71 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். பழகியவனுக்கு இல்லாத பயம் பார்க்காதவனுக்கு.

இது அங்கே புதிதுமல்ல. 1866-ல் குடியேற்ற உரிமை கிடைக்கும்வரை யூதர்களைப் பெரும்பாலும் எண்டிங்கன், லெங்னாவ் என்ற இரண்டு கிராமங்களில்தான் குடியிருக்க விட்டார்கள். நாம் சேரி என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். 1893-ல், குடிமக்கள் கையெழுத்துச் சேர்த்துக் கொண்டுவந்து ஜெயித்த முதல் திருத்தமே யூத முறைப்படி ஆடுமாடு அறுப்பதற்குத் தடை. மிருகத்தின் மேல் இரக்கம் என்றார்கள். உள்ளே யூத வெறுப்பும் இருந்தது. மாட்டுக்கறி தின்கிற நமக்கு இந்த இரக்கம் தெரியாததா? அந்தத் தடை இன்றும் சட்டத்தில் இருக்கிறது. 1959-ல் அதே நாட்டில் ஆண்கள் மட்டும் ஓட்டுப் போட்டு, பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டாமென்றார்கள். அதற்குப் பெண்கள் 1971 வரை காத்திருந்தார்கள்.

இதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். 1930-ல் ராமநாதபுரம் பக்கத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன், வெள்ளி நகை போடாதே, முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டாதே, குடை பிடிக்காதே, செருப்புப் போடாதே. அன்றைக்கு ஊரைக் கூட்டி ஓட்டெடுத்திருந்தால் எட்டும் ஜெயித்திருக்கும். பெரும்பான்மை ஓட்டு நியாயமாகிவிடுமா?

2021-ல் அதே குழு முகத்திரைத் தடையையும் ஓட்டுக்குக் கொண்டுவந்து 51.2 சதவீதத்தில் ஜெயித்தது. ஈழத்திலிருந்து தப்பிப்போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் நாடு அது. கோபுரத்துக்குத் தடையில்லையே என்று அவர்கள் நிம்மதியாக இருக்க முடியுமா?

'மினாரா இல்லாமலும் தொழலாமே, எதுக்கு வம்பு?' என்று நம்மவர்களே கேட்கிறார்கள். தொழலாம். குடை இல்லாமலும் நடக்கலாம், செருப்பு இல்லாமலும் நடக்கலாம். நம்ம தாத்தாக்கள் நடந்தார்கள்.