திருச்சிக்குக் கொழும்பு எவ்வளவு தூரம்?

வான்வழியில் அளந்தால் திருச்சியிலிருந்து சென்னை சுமார் 290 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலி 185 கிலோமீட்டர்தான். கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையம் 420; பறக்கும் நேரம் ஒரு மணி. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டிலிருந்து காவிரிப் பாலத்தையும் ஜங்ஷன் நெரிசலையும் தாண்டி, புதுக்கோட்டை ரோட்டில் விமான நிலையம் போய்ச் சேரவே சில நாள் அவ்வளவு நேரம் ஆகிவிடுகிறது.

என் அப்பா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். அவருக்குக் கொழும்பு என்றால் போட் மெயில். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில். திருச்சியில் விடியற்காலை ஏறினால் மறுநாள் காலை கொழும்புக் கோட்டை ஸ்டேஷன். அவருடைய தகரப்பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. மூடியின் உள்பக்கம் தனுஷ்கோடி, தலைமன்னார் என்று பென்சிலில் எழுதி, எதிரே கூலி, காப்பிச் செலவெல்லாம் அணாக்கணக்கில் குறித்திருக்கிறார்.

ஆனால் இந்த ஒருநாள் கணக்கு எல்லோருக்கும் பொருந்தியதில்லை. தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலித் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நோய்த்தடுப்பு என்று நாட்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். கடல் என்னவோ அப்பாவுக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான். இதைச் சொல்லாமல் போட் மெயிலின் பெருமையை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

விமானம் தபாலுக்காகத்தான் முதலில் வந்தது. 1932-ல் கராச்சி, பம்பாய், சென்னை என்று டாட்டா தொடங்கிய தபால் விமானத் தடம், 1938 பிப்ரவரியில் திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. இறங்கிய இடம் ரத்மலானை. லண்டனிலிருந்து கராச்சி வரை விமானத்தில் வந்த கடிதங்கள் அங்கே கைமாறி, நம் ஊர் வழியாக இலங்கை போயின. சுதந்திரத்துக்குப் பிறகு ஏர் சிலோனின் டகோட்டா விமானங்கள் திருச்சிக்கு வந்தன. ரயிலும் கப்பலுமாக ஒரு நாள் பிடித்த வழி அப்போதே சில மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. டிக்கெட் விலை அப்பாவுக்கு எட்டவில்லை. கடைசிவரை அவர் கப்பலில்தான் போனார்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் இலங்கைப் போரோடு நின்றது. விமானம்தான் மிஞ்சியது. சரக்கோடு போய்வந்த ‘குருவி’ வியாபாரிகளும், போருக்கு நடுவே உறவைப் பார்க்கப் போனவர்களும் அதில்தான் போனார்கள். 2025 மார்ச் 30 முதல் யாழ்ப்பாணத்துக்கே நேரடி விமானம் வந்துவிட்டது.

2024-ல் பயன்பாட்டுக்கு வந்த நம் புதிய முனையத்தில் கோபுரமும் ஓவியங்களும் அழகாக இருக்கின்றன. அங்கே ஒரு சுவரில் 1938-ன் தபால் தடத்தையும் போட் மெயில் வழியையும் மண்டபம் முகாமையும் ஒரே வரைபடமாகப் போட்டு, நேரக்கணக்கோடு தமிழில் எழுதி வைக்க வேண்டும். விமான நிலைய நிர்வாகத்தை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.